இரண்டு அடுப்புக்கு நடுவே ஒரு ஊசி

என் மாமியாருக்கு வெள்ளிக்கிழமைதோறும் ஊசி போடுவது என் வேலை. சர்க்கரைக்கான ஊசிதான், ஆனால் இன்சுலின் இல்லை. வாரத்துக்கு ஒன்று போதும். பேனா போல இருக்கும். வயிற்றுச் சதையில் வைத்து அழுத்தினால் 'க்ளிக்' என்று சத்தம் கேட்கும், கொஞ்சம் பொறுத்து எடுத்துவிட வேண்டியதுதான். யார் வேண்டுமானாலும் தனக்குத் தானே போட்டுக்கொள்ளும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். ஆனாலும் எங்கள் வீட்டில் அதை நான்தான் போட வேண்டும் என்று முடிவாயிற்று. ஏனென்றால் நான் உயிர்வேதியியல் படித்தவள்.

காரைக்குடியிலேயே, பல்கலைக்கழகத்தில் படித்தேன். அமினோ அமிலங்களைக் கோத்துக் கோத்து நோட்டு நோட்டாகப் படம் போட்டேன். அமினோ அமிலங்கள் சிலவற்றைக் கோத்த சின்னச் சரம் பெப்டைடு, அதுவே நீண்டு மடிந்தால் புரதம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தூக்கம் என்று ஒன்று இருந்தால். இந்த ஊசி தொடங்கியபோது மகளுக்கு ஒன்றரை வயது. கல்யாணம், பிள்ளை என்று ஆனபின் என் படிப்புக்கு வேலை இல்லாமல் போயிற்று. அது சும்மா இருக்காமல் என் மேலேயே வேலை பார்க்கத் தொடங்கியது.

பிரசவத்துக்குப் பிறகு எனக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. ஹார்மோன் இறங்குவதால் பெற்றவர்களில் பலருக்கும் வருவது, தானாக நின்றுவிடும் என்று படித்திருக்கிறேன். படித்ததை நம்பாமல் கைப்பேசியில் தேடினேன். முப்பது வயதிலேயே செல்கள் மூப்படையத் தொடங்கிவிடுகின்றன என்று ஒரு வீடியோவில் ஒரு பெண் கண்ணீர் மல்கச் சொன்னாள். அவளுக்கே இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. அவளை நம்பினேன். கொலாஜன் பெப்டைடு பொடி ஒரு டப்பா வாங்கினேன். அதைக் குடித்தால் குடலில் துண்டு துண்டாக உடைந்து, பருப்பிலும் மீனிலும் இருந்து வந்த அமினோ அமிலக் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடும், என் தலையின் விலாசத்தைக் கேட்டுக்கொண்டு வராது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் காப்பியில் கலந்து குடித்துவிட்டு, உடனே போய்ச் சீப்பைப் பார்ப்பேன். அதோடு வீட்டில் வெள்ளைச் சர்க்கரை வாங்குவதையும் நிறுத்தினேன். சர்க்கரை புரதத்தில் ஒட்டிக்கொண்டு செல்களை முதுமையாக்குகிறது என்று படித்திருந்தேன். நாட்டுச்சர்க்கரையும் அதே குடும்பம்தான் என்பதால் அதையும் நிறுத்தினேன். காப்பி குடிக்கும்போது என் கணவர் என்னைப் பார்க்கும் பார்வையைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

இப்படிப்பட்டவளிடம்தான் டாக்டர் அம்மா என் மாமியாரை ஒப்படைத்தார்.

அயித்தை என்றுதான் மாமியாரைக் கூப்பிடுவேன். அவருக்குச் சர்க்கரை வந்து வருடங்கள் ஆகிவிட்டன. உடம்பும் பெரிய உடம்பு. கல்யாண வீடுகளில் அவரை உட்கார வைக்க நல்ல நாற்காலியாகப் பார்த்துத் தேடுவார்கள். அது மரியாதையால் மட்டும் அல்ல என்று அவருக்கும் தெரியும். மூட்டு வலியால் குன்றக்குடி மலைக்கோயில் படி ஏறுவதையே விட்டுவிட்டார். கீழே நின்று கும்பிட்டுவிட்டு, "முருகனுக்குக் கண்ணு நல்லாத் தெரியும்" என்று காருக்குத் திரும்பிவிடுவார்.

"இது நம்ம குடல்லயே சாப்பிட்டவுடனே சுரக்குற ஒரு ஹார்மோனை மாதிரி செஞ்ச மருந்தும்மா" என்று டாக்டர் தொடங்கினார்.

"பெப்டைடு ஹார்மோன்தானே டாக்டர்?" என்றேன் நான். யாரும் கேட்கவில்லை.

டாக்டர் என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எம்மெஸ்ஸி படிச்ச பிள்ளை" என்றார் அயித்தை, பெருமையாக.

"நல்லதாப் போச்சு. அப்ப நீங்களே பாத்துக்கங்க. இவங்களுக்குப் பசி குறையும், சாப்பாடு வயித்துல ரொம்ப நேரம் தங்கும். கொஞ்சமாச் சாப்பிட்டாலும் புரதம் குறையக்கூடாது. இந்த வயசுல எடை இறங்குறப்ப கொழுப்போட தசையும் சேந்து போயிரும். அப்புறம், பழைய மாத்திரையும் கூடவே போகுது. சாப்பாடு ரொம்பக் குறைஞ்சா உடனே எனக்குப் போன் பண்ணணும், மாத்திரையைக் குறைக்கணும். இல்லேன்னா சர்க்கரை ஒரேயடியா இறங்கிரும்."

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினேன். வீட்டுக்கு வரும் வழியில் எல்லாவற்றையும் அயித்தைக்கு மறுபடி விளக்கினேன். அவர் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மகனுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் 'வேறு வைப்பார்கள்'. சண்டை போட்டுப் பிரிவதல்ல. வீடு ஒன்றுதான், வாசல் ஒன்றுதான், சாமி அறையும் ஒன்றுதான். அடுப்பு மட்டும் வேறு. அரிசி, பருப்பு, பாத்திரம் எல்லாம் கொடுத்து, 'இனி உங்கள் சமையல் உங்களுக்கு' என்று நல்ல நாள் பார்த்து ஆரம்பித்து வைப்பார்கள். புதிதாக வந்தவள் தன் குடும்பத்தைத் தானே நடத்திப் பழக வேண்டும் என்பதற்காக. மாமனார் இருந்தவரைக்கும் அயித்தையின் அடுப்பில் இரண்டு பேருக்குச் சமையல் நடந்தது. அவர் போனபின் ஒருவருக்கு. முற்றத்துக்கு அங்குட்டு அயித்தையின் அடுப்படி, இங்குட்டு என்னுடையது. நடுவில் மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணங்கள் போய் வரும். அதை வெறுமையாகத் திருப்பித் தருவது மரியாதை இல்லை. ஏதாவது ஒன்றைப் போட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

ஆகவே அயித்தையின் புரதத்தைக் கிண்ணத்தில் அனுப்பினேன். காலையில் அவித்த முட்டை. பதினோரு மணிக்குச் சுண்டல். ஞாயிற்றுக்கிழமை எலும்பில்லாத கோழி. ஒரு கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, முந்தின கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வருவேன்.

"அயித்தை, சுண்டல் சாப்பிட்டீகளா?"

"கிண்ணத்தைப் பாரு. ஒரு கடலை கெடக்குதா?"

கிடக்காது. அதில் அவர் செய்த ஏதாவது ஒன்று இருக்கும். மொறுமொறுவென்று வடை, முட்டை மசாலா, கோழியைப் பிய்த்துப் போட்டு மிளகு தூக்கலாகப் புரட்டிய கறி. அயித்தையின் கைப்பக்குவம் ஊரறிந்தது. எனக்கோ பால் கொடுக்கிற பசி. மகளைத் தூங்க வைத்துவிட்டு நின்றபடியே தின்றுவிடுவேன். "வடை ரொம்ப நல்லாருந்துச்சு அயித்தை" என்று சொன்னால் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அதை நான் பாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

மாதா மாதம் டாக்டர் கேட்பார், "சாப்பாடெல்லாம் எப்படி?"

"நல்லா சாப்பிடுறாக டாக்டர். புரதம் நானே பாத்துக்குறேன்" என்று நான் முந்திக்கொள்வேன். அயித்தை வாயே திறக்க மாட்டார். ஊசியின் அளவு ஒரு படி கூடியது. பிறகு இன்னொரு படி.

அயித்தை இளைத்தார். வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. ஜாக்கெட்டுகளைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தார். ஒரு கார்த்திகை அன்று, பல வருடங்களுக்குப் பிறகு, குன்றக்குடிப் படி முழுவதும் ஏறினார். மேலே போய் மூச்சு வாங்க நின்றுகொண்டு, மகனுக்குப் போன் போட்டு, "நான் எங்குட்டு நிக்கிறேன்னு சொல்லு பாப்போம்" என்று கேட்டார். அந்தக் குரலை என் கணவர் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார். அது பள்ளிக்கூடப் பிள்ளையின் குரல். உறவுக்காரர்கள் என்னிடம் வந்து, "என்னத்தா குடுக்குற ஒங்க அயித்தைக்கு?" என்று ரகசியம் கேட்டார்கள். நான் தன்னடக்கத்தோடு வளர்சிதை மாற்றம் பற்றி ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றுவேன்.

அதே நேரத்தில் நான் பருத்துக்கொண்டு போனேன். சுடிதாரின் பக்கத் தையலை இரண்டு முறை பிரித்தாயிற்று.

"ஊசி ஆத்தாவுக்கு, பசி ஒனக்கா?" என்றார் கணவர்.

"கிண்டல் பண்ணாதீக. இது ஹார்மோன் பிரச்சனையா இருக்கலாம்."

தைராய்டாக இருக்கும் என்று ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. இன்சுலின் தடையாக இருக்கலாம், மன அழுத்த ஹார்மோனாக இருக்கலாம், என் செல்களில் எரியவேண்டிய ஏதோ எரியாமல் இருக்கலாம். இரவும் பகலும் செல்லுக்குள் தேடினேன். அடுப்படிக்குள் தேடவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மகள் அயித்தையிடம் விளையாடிக்கொண்டிருந்தாள். நான் இங்குட்டு துணி மடித்துக்கொண்டிருந்தேன். வழக்கமாக அங்கிருந்து இரண்டு பேர் பேசும் சத்தமும் கேட்கும். அன்று மகளின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் அழத் தொடங்கினாள்.

போய்ப் பார்த்தேன். அயித்தை தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வேர்வை. கை நடுங்கியது. என்னைப் பார்த்து, "ஆச்சி, வண்டி வந்திருச்சா?" என்றார். ஆச்சி என்று அவர் கூப்பிடுவது தன் அக்காவை. அந்த அக்கா இப்போது இல்லை.

என் தலைக்குள் ஒரு பாடப்புத்தகமே படபடவென்று புரண்டது. பக்கவாதமா? மாரடைப்பா? சோடியம் குறைந்துவிட்டதா? சர்க்கரை இறங்கியிருக்கும் என்ற பக்கம் கடைசியாகத்தான் வந்தது, அதுதான் முதல் பக்கமாக இருந்திருக்க வேண்டும். சோதிக்கும் கருவியைத் தேடி எடுத்தேன். அளவு மிகவும் கீழே காட்டியது. சர்க்கரை கொடுக்க வேண்டும், உடனே.

ஓடினேன். என் அடுப்படியில் சர்க்கரை கிடையாது, முதுமை வரும் என்பதால். அயித்தையின் அடுப்படியிலும் கிடையாது, நோய் இருப்பதால். வெல்லம்கூட இல்லை. செட்டிநாட்டில் இவ்வளவு பெரிய வீட்டில், இரண்டு அடுப்படியில், ஒரு ஸ்பூன் இனிப்புக்கு வழியில்லாமல் டப்பா டப்பாவாகத் திறந்துகொண்டு நின்றேன். கொலாஜன் டப்பாவைக்கூடத் திறந்தேன். எதற்கென்று இன்றுவரை தெரியவில்லை.

கடைசியில் சாமி அறை ஞாபகம் வந்தது. பிள்ளையாருக்கு முன்னால் சின்னக் கிண்ணத்தில் கற்கண்டு இருந்தது. குழவியால் நசுக்கித் தண்ணீரில் கரைத்து, "அயித்தை, முழுங்குங்க, முழுங்குங்க" என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். முழுங்கினார். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவருடைய கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அந்தக் கை இவ்வளவு சின்னதாக எப்போது ஆயிற்று என்று அப்போதுதான் பார்த்தேன்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணில் தெளிவு வந்தது. வந்ததும் முதலில் கேட்டது, "சாமி கற்கண்டையா எடுத்த? இன்னும் நைவேத்தியம் ஆகலையே."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மறுபடி சோதித்தேன், அளவு ஏறியிருந்தது. இனி எதையாவது சாப்பிட வைக்க வேண்டுமென்று அவருடைய அடுப்பில் மூடி வைத்திருந்த சட்டியைத் திறந்தேன். உள்ளே, வெங்காயம் தக்காளி வதக்கியதன் நடுவில், பாதியாக அறுத்த முட்டைகள். காலையில் நான் அவித்துக் கொடுத்த அதே முட்டைகள்.

"அயித்தை, இது நான் குடுத்ததுல்ல?"

"ஆமா."

"நீங்க சாப்பிடலையா?"

"காலையில வாயில வைக்கவே முடியலத்தா. வீணாக்கலாமா? அதான், மசாலா போட்டு ஒனக்கே குடுத்துரலாம்னு."

சட்டியை மூடினேன். "அப்ப அன்னைக்கு அனுப்புன வடை?"

"ஒன் சுண்டல்தான். ஊற வெச்ச பருப்போட சேத்து அரைச்சது."

"கோழி?"

"அதுவுந்தான். நீதான நல்லாருக்கு, இன்னும் வேணும்னு கேட்ட."

அவர் வயிற்றுக்கு நான் அனுப்பிய புரதமெல்லாம் மசாலா போட்டு என் வயிற்றுக்கே வந்திருக்கிறது. அவர் இளைத்ததும் நான் பருத்ததும் ஒரே கணக்கு. அதற்குத்தான் நான் தைராய்டு பார்க்கக் கிளம்பியிருக்கிறேன்.

"முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா அயித்தை?"

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒன்கிட்டயா? பிள்ளை ஒரு வாய் கொறைச்சுத் தின்னாலே டாக்டருக்குப் போன் போடுறவ நீ. எனக்குன்னா சும்மாவா இருப்ப? அவுக ஊசிய நிப்பாட்டச் சொல்லிருவாக." பிறகு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "படியேறி மேல போனேன்ல, ஆத்தா. அங்குட்டு நின்னு ஊரைப் பாத்தேன். திரும்பக் கீழ நின்னு கும்புடச் சொல்லாத."

அன்று சாயங்காலமே டாக்டரிடம் போனோம். இவர் வண்டியை ஓட்டினார். நான் பின்னால் அயித்தையோடு உட்கார்ந்து, என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். பார்த்ததெல்லாம் அங்கே மறந்துபோயிற்று. "நல்லா சாப்பிடுறாகன்னு சொன்னேன்ல டாக்டர், சாப்பிட்டது நான்" என்று மட்டும் வாயில் வந்தது.

டாக்டர் சிரிக்கவில்லை. பழைய மாத்திரையை நிறுத்தினார். ஊசியை ஒரு படி இறக்கினார். பிறகு அயித்தையை நாற்காலியில் உட்கார வைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொள்ளச் சொன்னார். "கைய ஊனாம எந்திரிங்க பாப்போம்."

அயித்தை முன்னால் சாய்ந்தார். எழ முடியவில்லை. மறுபடி சாய்ந்தார். தொடைகள் நடுங்கின. மூன்றாவது தடவை அவருடைய கை தானாகவே நாற்காலியின் பிடியைத் தேடிப் போயிற்று.

"எடை போனது மட்டுமில்லைம்மா, தசையும் போயிருக்கு. இப்படியே போனா மலைப்படி இல்ல, வீட்டுப் படி ஏறுறதே கஷ்டமாயிரும்" என்றார் டாக்டர். அயித்தைக்கு மயக்கம் வந்ததைவிட இது பெரிய அடியாக இருந்தது. ஊசியை நிறுத்துவீர்களா என்று சின்னக் குரலில் கேட்டார். "நிப்பாட்டலை. ஆனா சாப்பிடணும். யாராச்சும் பக்கத்துல இருந்து பாக்கணும். முடியலேன்னா முடியலேன்னு சொல்லணும், ஒளிக்கக்கூடாது."

திரும்பும் வழியில் என் கணவர் நல்ல யோசனை சொல்வதாக நினைத்து, "பேசாம ஒரே அடுப்பா ஆக்கிருவோமா?" என்றார்.

"வேணாம்" என்றோம் நானும் அயித்தையும், ஒரே நேரத்தில். அதன் பிறகு அவர் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினார்.

அடுப்பு இரண்டாகவே இருக்கிறது. மதியம் என் தட்டை எடுத்துக்கொண்டு, மகளையும் தூக்கிக்கொண்டு, நான் அங்குட்டுப் போய்விடுகிறேன். மூன்று பேரும் அயித்தையின் அடுப்படியில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். மகளுக்கு ஊட்டும்போது நான் அவள் வாயையே பார்ப்பது வழக்கம். முழுங்கினாளா, கன்னத்தில் ஒதுக்கினாளா என்று. முதல் நாள் அதே பார்வையை அயித்தை பக்கமும் திருப்பிவிட்டேன் போல.

"வாயவே பாக்காதத்தா. தொண்டையில எறங்க மாட்டேங்குது."

சுவரைப் பார்க்கப் பழகினேன். சுவரில் ஒரு பல்லி இருக்கிறது. அதற்கு என்னைவிடப் பொறுமை அதிகம். அயித்தை முதலில் மீனைச் சாப்பிட்டுவிட்டுப் பிறகுதான் சோற்றைத் தொடுவார். அப்படிச் செய்தால் புரதம் கொஞ்சமாவது உள்ளே போகும் என்பது டாக்டர் சொன்னது. ஒரு துண்டு மீனுக்கு அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நான் முன்பெல்லாம் ஒரு கிண்ணத்தையே காலி செய்திருப்பேன். சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலிப் பயிற்சி. மாமனாரின் மர நாற்காலியில் உட்கார்ந்து, கை கட்டி, எழுந்து நிற்பார். இப்போது பெரும்பாலும் எழுந்துவிடுகிறார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து எழுந்து, ஒவ்வொரு தடவையும் தனக்குத்தானே கைதட்டிக்கொள்கிறாள்.

இந்த வெள்ளிக்கிழமை ஊசி போட்ட மறுநாள், பாதி மீனோடு அயித்தை நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முந்தைய நாட்களாக இருந்தால் அதை எங்கே மறைப்பது என்ற யோசனையாக இருந்திருக்கும். தட்டை மெதுவாகத் தள்ளி வைத்தார்.

"முடியலத்தா."

என் வாயில் நாலு கேள்விகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்து நின்றன. குமட்டுதா, வயிறு வலிக்குதா, தலை சுத்துதா, கருவியை எடுத்துட்டு வரவா. எல்லாவற்றையும் சோற்றோடு சேர்த்து முழுங்கினேன்.

"சரி அயித்தை. அப்புறமாப் பசிச்சா?"

"கேக்குறேன்."

மீதி மீனை என் அடுப்படியில் மூடி வைத்துவிட்டு, தட்டுகளைக் கழுவினேன். மகளைத் தூங்க வைத்தேன். கைப்பேசியை எடுத்து எதையோ தேடப்போய், கீழே வைத்தேன், மறுபடி எடுத்தேன், மறுபடி வைத்தேன். மூன்று மணிக்கு ஒரு சாக்கு கண்டுபிடித்து முற்றத்தைத் தாண்டிப் போய்ப் பார்த்தேன். அயித்தை தூங்கிக்கொண்டிருந்தார், மூச்சு சீராக இருந்தது. திரும்பி வந்தேன். துணி மடித்தேன். ஏற்கனவே மடித்த துணிதான்.

நாலு மணிக்கு மேல் அங்குட்டிருந்து குரல் வந்தது.

"ஆத்தா, அந்த மீனை லேசாச் சுட வெச்சுக் கொண்டா. பசிக்குது."